கரண்ட் போனால் பேசும் தெரு

அந்தத் தெருவில் மனிதர்கள் பேச வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். வரிசையாக முப்பது வீடு, வீட்டுக்கு நான்கு விசைத்தறி. காலை ஆறு மணிக்கு முனை வீட்டு மேஸ்திரி சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொரு வீடாகத் தொடங்கி, ஆறேகாலுக்குள் தெருவே ஆட ஆரம்பித்துவிடும். அலமாரியில் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். இரவு பத்து மணிக்குத் தறி நிற்கும்போது பேச யாருக்கும் தெம்பிருக்காது. ஆகவே நடுவில் கரண்ட் போனால்தான் உண்டு. போன மறுநிமிஷம் அத்தனை பேரும் வாசலில் நிற்பார்கள். சேர்த்து வைத்த பேச்செல்லாம் மடை திறந்த மாதிரி வரும். பாதிக் கதையில் கரண்ட் வந்துவிட்டால் வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள். மீதிக் கதைக்கு அடுத்த கரண்ட் கட்தான்.

மற்ற நேரமெல்லாம் உதடும் கையும்தான் பேசும். குரலை எழுப்பிப் பயனில்லை, தறிச் சத்தம் அதை அங்கேயே விழுங்கிவிடும். எனவே வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் செதுக்கிக் காட்டுவார்கள். எட்டடி தள்ளி நிற்பவர் அதைப் பார்த்தே புரிந்துகொள்வார். அவசரத்துக்குச் சைகை உண்டு. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்து. கட்டை விரலை உதட்டில் வைத்தால் டீ. இல்லாத மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். மேஸ்திரிக்கே இது தெரியும். வாசலில் நின்று தன் மீசையைத் தானே முறுக்கிக் காட்டிவிட்டு உள்ளே வருகிற மனிதர் அவர்.

தெருவின் பதினோராவது வீட்டில் இடது சுவரோரம் இருந்த இரண்டு தறியை அம்மா ஓட்டினாள். வலது பக்கத்து இரண்டை அப்பா ஓட்டினார். அப்பாவின் தறிக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் திண்டுதான் அவர்களுடைய ஒரே மகளின் சிம்மாசனம். ஆறு வயது. இழை மாதிரி ஒல்லியாக இருப்பதால் தெருவே அவளை நூலு என்று கூப்பிட்டது. பள்ளிக்கூட ரெஜிஸ்டரைத் தவிர வேறெங்கும் அவளுக்கு வேறு பெயர் கிடையாது.

நூலு பிறந்ததும் அந்தச் சத்தத்துக்குள்ளேதான். தொட்டில் கயிற்றில் அம்மா ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தாள். துணி ஆடினால் குழந்தை விழித்துவிட்டது என்று அர்த்தம். அழுகை யாருக்கும் கேட்காது. அழுதால் ஆள் வராது, உதைத்தால் வரும் என்பதைக் குழந்தை மூன்றாம் மாதமே கற்றுக்கொண்டது. அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அந்தப் பெருமைதான் இப்போது பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் நூலுவின் பையில் ஒரு சீட்டு வந்திருந்தது, பெரிய டீச்சர் பார்க்க வேண்டுமாம். மதியம் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் தறியை ஒப்படைத்துவிட்டு, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் ஓடி வந்திருந்தாள்.

"ஆறு மாசம் ஆச்சும்மா," என்றார் பெரிய டீச்சர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. "உங்க பொண்ணு ஒரு வார்த்தை பேசல. காது நல்லா இருக்குன்னு டாக்டர் சீட்டும் வந்தாச்சு. எழுதறா, கணக்குப் போடறா. வாயத் தொறக்க மாட்டேங்கறா."

"பேச மாட்டாளா? அவளா?" அம்மா சிரித்தேவிட்டாள். "டீச்சர், வீட்ல ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா. எங்களுக்குத்தான் பதில் சொல்லி மாளாது."

பெரிய டீச்சர் அவளைப் பார்த்த பார்வையில் அம்மாவுக்கே சங்கடமாகிவிட்டது. எல்லாத் தாய்மாரும் இதையேதான் சொல்வார்கள் என்று அந்தப் பார்வை சொன்னது.

"சத்தமா சொல்லுன்னா வாயப் பெரிசாப் பொளந்து காட்டறாம்மா. புள்ளைங்க சிரிக்குது. கிண்டல் பண்றாளோன்னு முதல்ல கோபம் வந்துச்சு. இப்ப அப்படித் தோணல. ஏதோ கோளாறு இருக்கு. டவுன்ல இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்கேயே தங்கிப் படிக்கலாம். கடிதம் எழுதி வெச்சிருக்கேன்."

அங்கேயே தங்கி. அம்மாவுக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை.

அப்போது கதவோரம் நின்றிருந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர் உள்ளே வந்தாள். சின்ன வயசு. வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான். தினமும் கடைசி அரை மணி நேரம் பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவாள். அதற்குப் பேச்சு மணி என்று பெயர். தன் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு மரக்கரண்டி கொண்டுவந்திருந்தாள். கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். டீச்சர் குறுக்கே திருத்த மாட்டாள், சொல்லிக்கொடுக்க மாட்டாள். "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் செய்த காரியம் கொஞ்சமல்ல. வருஷ ஆரம்பத்தில் "வீட்டுக்கு விருந்தாளி வந்தாங்க" என்பதோடு முடித்துக்கொண்ட பையன் இப்போது அந்த விருந்தாளி எத்தனை தடவை சோறு வாங்கினார், போகும்போது யார் குடையை எடுத்துக்கொண்டு போனார் என்பதுவரை போனான்.

"மேடம், பெத்தவங்கள வகுப்புக்குக் கூப்பிடற நாள் இன்னும் நாலு வாரத்துல வருது," என்றாள் அவள். "அதுவரைக்கும் கடிதம் மேசைலயே இருக்கட்டும். நான் ஒரு நாள் இவங்க வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன்."

பெரிய டீச்சர் யோசித்தார். "நாலு வாரம். அன்னிக்கு நானே வந்து உக்காருவேன். அவ வாயிலேர்ந்து ஒரு வாக்கியம் என் காதுல விழணும். விழலேன்னா அனுப்பறதுதான் அந்தப் புள்ளைக்கு நல்லது."

அன்று சாயங்காலம் அம்மா தறிக்கு நடுவே நின்று எட்டடி தள்ளியிருந்த அப்பாவுக்கு உதட்டாலேயே விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டார், அதாவது பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"பெரிய டீச்சர் சொன்னா காரணம் இருக்கும்," என்றது அவர் உதடு. "அங்க சோறு போடுவாங்க, நல்லாப் பாத்துப்பாங்க. போகட்டுமே."

"ஏங்க, அவ ஊமையாங்க?"

அவர் திரும்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். தறி ஓட்டும் வீட்டில் முதுகைக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். உதட்டைப் பார்க்காதவரிடம் என்ன சண்டை போட முடியும்? அப்பாவுக்கு இது வசதியான பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டையிலும் அவர் தோற்றதில்லை.

ஆனால் அம்மாவும் ஒரு வழி வைத்திருந்தாள். அவர் திரும்பிய மறுகணம், அடிவயிற்றிலிருந்து குரலெடுத்து, நெஞ்சு ஆறும்வரை அந்த முதுகைத் திட்டித் தீர்ப்பாள். நேரில் 'ஏங்க' என்பவள் முதுகைக் கண்டால் 'யோவ்' என்பாள். நான்கு தறியும் அதைத் தின்று ஏப்பம் விட்டுவிடும். யாருக்கும் தெரியாது என்று அந்தச் சத்தத்தை முழுசாக நம்பினாள். அன்று திட்டியது கொஞ்சம் அதிகம்தான். திட்டி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறுந்திருந்த இழையை முடிச்சுப் போட்டாள்.

சனிக்கிழமை ஒன்றாம் வகுப்பு டீச்சர் வந்தாள். வாசலில் நின்று "அம்மா, அம்மா" என்று தொண்டை கட்டுமளவு கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், பாவம், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். தறியில் நூலைச் சுமந்து போகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டு ஓடியது. தரையின் அதிர்வு முழங்கால்வரை ஏறியது.

அம்மா அவளைப் பார்த்துப் பதறி, ஜன்னல் பக்கம் கையசைத்தாள். ஜன்னலில் இருந்த நூலு வாயை அகலத் திறந்து என்னவோ செய்தாள். அம்மா பதிலுக்கு உதட்டை அசைத்தாள். நூலு மறுபடி. அம்மா தலையாட்டினாள். நூலு திண்டிலிருந்து குதித்து, தறிகளுக்கு நடுவே புகுந்து வெளியே ஓடினாள்.

டீச்சர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்த வாயை அவள் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சத்தமாகச் சொல் என்றபோதெல்லாம் அது இப்படித்தான் அகலமாகத் திறந்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனைவரை போனாள். மேஸ்திரி வீட்டையும் தாண்டி ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு அந்தப் பக்கம்தான் காது காதாக இருக்கும்.

"இப்ப அவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல டீச்சர். உங்க செருப்பு வாசல்ல கெடக்கு, அந்தக் கறுப்பு நாய் தூக்கிட்டுப் போயிடும், உள்ள எடுத்து வெக்கட்டுமான்னா. வைன்னேன். டீச்சருக்கு டீல சக்கரை கம்மியாப் போடு, அவங்க டிபன் டப்பால இனிப்பு வந்தா தொடவே மாட்டாங்கன்னா. நான் சரின்னேன்."

"இவ்வளவும் சொன்னாளா?"

"தினமும் இதானே டீச்சர். அன்னிக்கே சொன்னேனே, வீட்ல ஓயாமப் பேசுவான்னு."

டீச்சர் தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது, கூடவே சிரிப்பும் வந்தது.

"ஆறு மாசமா நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கா. நான் சத்தமாச் சொல்லுன்னு சொல்லச் சொல்ல, பாவம், வாய இன்னும் பெரிசாத் தொறந்திருக்கா. உங்க வீட்ல சத்தம்னா அதுதானே? நான்தாம்மா செவிடு."

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மகளின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மகள் சொன்ன வார்த்தைகள் ஆயிரம் நினைவுக்கு வந்தன. எல்லாம் உதடாகவே வந்தன, ஒன்றில்கூடக் குரல் இல்லை. கரண்ட் போன நேரத்திலும் மகள் உதட்டைத்தான் அசைத்தாள், அம்மா பழக்கத்தில் கண்ணாலேயே கேட்டாள். பொழுதுக்கும் பேசுகிற பிள்ளையிடம் குரல் இல்லையென்பதை ஒரு தாய் கவனிக்காமல் இருப்பாளா? இருந்திருக்கிறாளே.

"டீச்சர், நான் பாவி," என்று அழுதாள்.

"நீங்க என்ன பாவம் பண்ணீங்க? உங்க வீட்டுப் பேச்ச அழகாக் கத்துக் குடுத்திருக்கீங்க. ஆறு வயசுல செருப்பு, நாய், சக்கரைன்னு இத்தன விஷயத்தக் கோத்துச் சொல்றவங்க எங்க வகுப்புல நாலு பேர் தேற மாட்டாங்க. பேச்சு இருக்குதும்மா. சத்தம் பின்னால வரும். பேச்சே இல்லாம சத்தம் மட்டும் வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

சொன்னதோடு அவள் நிற்கவில்லை. இப்படி ஒரு டீச்சர் வாய்க்க அந்தப் பள்ளிக்கூடம் கொடுத்துவைத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை பேச்சு மணியில் கரண்டியை நூலுவின் கையில் கொடுத்து, "இன்னிக்கு நூலுதான் டீச்சர். எனக்கும் சேத்து உதட்டுப் பேச்சு சொல்லிக் குடுப்பா," என்று அறிவித்துவிட்டு, தானும் பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்! இரண்டே நாளில் டீ, இழை, மீசை எல்லாம் வகுப்புக்குத் தண்ணீர்பட்ட பாடு. வியாழக்கிழமை வராந்தாவில் போன பெரிய டீச்சர் ஒன்றாம் வகுப்பில் சத்தமே இல்லாததைக் கண்டு திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவரைக் கண்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் மீசையை முறுக்கின. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூலு மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சத்தம் இருந்தது. டீச்சர் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சிரிப்போடு சரி. மூன்று வாரம் ஓடியும் வார்த்தையில் சத்தம் ஏறவில்லை. அம்மா தினமும் மாலையில் தறியை நிறுத்திவிட்டு, நூலுவைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போய் அரை மணி உட்கார்ந்தாள். நெய்கிற துணி கையளவு குறைந்தது, போகட்டும் என்றாள். "ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடுடி" என்று கெஞ்சினாள். நூலு வாயைத் திறந்து அழகாக உதட்டால் அம்மா என்பாள். கேட்டுவிட்டதுபோல அம்மா தலையாட்டுவாள்.

"கெஞ்சாதீங்கம்மா," என்றாள் டீச்சர். "நமக்காகப் பேச மாட்டா. அவளுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும்னு இருக்கணும். அது வர்ற அன்னிக்கு வரும்."

"பெத்தவங்களக் கூப்பிடற நாளுக்குள்ள வரலேன்னா டீச்சர்?"



அந்த நாள் வந்தது. சுவரோரம் பெஞ்சு போட்டுப் பெற்றவர்களை உட்காரவைத்திருந்தார்கள். அப்பாவும் வந்திருந்தார். டீச்சர் தெருவில் மறித்து "நீங்க வரலேன்னா நான் ஆரம்பிக்கவே மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். புருவத்தில் பஞ்சோடு பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். சத்தமில்லாத இடத்தில் அந்த மனிதருக்குக் கை கால் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. முன்னால் நாற்காலியில் பெரிய டீச்சர். மடியில் நோட்டு, நோட்டுக்கு மேல் அந்தக் கடிதம்.

குடை காணாமல் போன கதை வந்தது. பூனை குட்டி போட்ட கதை வந்தது. கரண்டி கை மாறி மாறி நூலுவிடம் வந்து சேர்ந்தது. அவள் எழுந்து நின்று வாயை அகலத் திறந்து ஆரம்பித்தாள். வகுப்பு உதட்டைக் கவனித்தது, பிள்ளைகளுக்குப் பாதிதான் புரிந்தது. பெரிய டீச்சர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"அம்மா, நீங்க எந்திரிங்க," என்றாள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் சட்டென்று. "அவ சொல்றத நீங்க சத்தமாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அம்மா எழுந்தாள். வகுப்பின் அந்தக் கோடியில் மகள், இந்தக் கோடியில் அவள். எட்டடிக்கு மேலேயே இருக்கும். அந்த உதட்டை அவளுக்கா படிக்கத் தெரியாது?

"எங்க வீட்ல நாலு தறி இருக்கு," என்றாள் அம்மா, மகளின் உதட்டைப் பார்த்தபடி. "ரெண்டு அம்மாவோடது. ரெண்டு அப்பாவோடது. எனக்கு ஜன்னல்."

பிள்ளைகள் சிரித்தன. நூலுவுக்கு முகம் மலர்ந்தது. தான் சொன்னது அம்மாவின் குரலாக அறை முழுக்கப் போவதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள் டீச்சர்.

"இழை அறுந்தா அம்மா கண்ண மூடிட்டே முடிச்சுப் போடும். அப்பாவுக்குப் போட வராது. ரெண்டு தடவ போடுவாரு."

"அப்புறம்?"

நூலுவின் உதடு அசைந்தது. அம்மா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். முகம் சிவந்தது. ஓரக்கண்ணால் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டது ஒரு பிள்ளை.

"சொல்லுங்கம்மா," என்றார் பெரிய டீச்சர்.

அம்மா சொல்லவில்லை. இரண்டு விரலை நீட்டிக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினாள். இழை அறுந்துவிட்டது, நிறுத்து. நூலு அவளை நம்பாத பார்வை பார்த்தாள். அதே வாக்கியத்தை, வாயை இன்னும் அகலமாகத் திறந்து, மறுபடி சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன? என்ன?" என்று பாய் முழுக்கக் கேட்டது. நூலு சுற்றிலும் பார்த்தாள். முப்பத்தேழு முகம் காத்துக்கொண்டிருந்தது. சொல்ல வந்த கதை நடுவில் நின்றுபோன எரிச்சலில் கண் சுருங்கியது. கரண்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா அப்பாவத் திட்டும்."

நாலு நாள் தண்ணீர் வராத குழாயைத் திறந்த மாதிரி, கரகரவென்று வந்தது அந்தக் குரல். நாம் நினைப்பதுபோலக் கீச்சுக் குரல் இல்லை, கொஞ்சம் கட்டைக் குரல்தான். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷமாகத் தெரியாத அந்தக் குரலைப் பச்சைப் பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பதுபோலக் கேட்டாள். டீச்சர் மட்டும் பதறாமல், தினமும் கேட்கும் அதே குரலில், "அப்புறம்?" என்றாள்.

"அப்பா திரும்பி நின்னதும் திட்டும். அவருக்குக் கேக்காதுல்ல. யோவ்னு சொல்லும்."

பெற்றவர்கள் பெஞ்சு குலுங்கியது. பாயில் ஒருவன், "என்னன்னு திட்டும்?" என்று கேட்டான்.

"'யோவ், கல்லு மாதிரி நிக்கிறியே. எம்புள்ளைய அனுப்புன்னு எப்படிய்யா உனக்கு வாய் வருது? அவளுக்குத் தலை சீவ அங்க யாரு இருக்கா? அவ பேசறது அங்க யாருக்குப் புரியும்?'னு. திட்டிட்டு அழும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். குட்டு உடைந்துவிட்டது. எல்லார் முன்னாலும் உடைந்துவிட்டது. பெஞ்சின் ஓரத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"அப்புறம்?" டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

"அப்பாவும் அழுவாரு," என்றாள் நூலு. "அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு முதுகுதான் தெரியும். மூஞ்சி ஜன்னல் பக்கம்ல இருக்கும். நான்தானே ஜன்னல்ல இருக்கேன். 'எம்பொண்ணு பேசிடுவாளா சாமி'ன்னு கேப்பாரு. சத்தம் போடாமக் கேப்பாரு. நான் பேசிட்டுத்தானே இருக்கேன், எதுக்குக் கேக்கறாருன்னு நெனச்சுப்பேன்."

அம்மா திரும்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, திட்டு வாங்கும்போது அந்த மனிதர் முதுகைக் காட்டவில்லை. காட்டுவதற்கு அங்கே ஜன்னலும் இல்லை. மூஞ்சி முழுக்க நனைந்து, புருவத்துப் பஞ்சும் நனைந்து, மகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய டீச்சர் மூக்கைச் சிந்திவிட்டு, கடிதத்தை நான்காக மடித்து நோட்டின் கடைசிப் பக்கத்துக்குள் செருகி மூடினார். அது அப்புறம் வெளியே வரவேயில்லை.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், "அப்புறம்?" என்று கேட்க மறந்துவிட்டாள். கரண்டியோடு நின்ற நூலு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கதை பிடிக்கவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அப்புறம்?" என்று பெஞ்சின் ஓரத்திலிருந்து கேட்டது. அப்பாதான். சத்தமாகவே கேட்டார்.

நூலு சந்தோஷமாக அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் கரண்ட் போயிடுச்சுப்பா," என்றாள்.